600 சதுர அடி மரவீடு: சாமான்களை எங்கே வைப்பது? ஒரு தச்சரிடம் கேள்வி பதில்

கேள்வி: கூடலூர்ப் பக்கம் 600 சதுர அடியில் மரவீடு கட்டுகிறோம். மாமியாருடன் சேர்த்து ஐந்து பேர். சுவர் முழுக்க அலமாரி அடித்துவிட்டால் போதுமா?

பதில்: எல்லாரும் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி கேட்கிறார்கள். ஹேங்கரில் சட்டை தொங்க அது வேண்டும். புத்தகத்துக்குப் பத்து அங்குலமும் மளிகை டப்பாவுக்கு ஓரடியும் தாராளம். ஆழம் கூடினால் பின்வரிசைக்குப் போன உளுந்து அடுத்த தீபாவளிக்குத்தான் வெளியே வரும். மரவீட்டில் இன்னொரு வசதி: உட்சுவர்ச் சட்டங்களுக்கு நடுவே சுமார் நாலு அங்குல வெற்றிடம் இருக்கும். அதைத் திறந்து மாடக்குழியாக்கினால் மசாலா புட்டிகள் ஒற்றை வரிசையில் நிற்கும். மாமியார் அன்றாடம் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் இருக்கட்டும். பரண், வருடத்தில் ஒருமுறை இறக்கும் கொலுப்பொம்மைகளுக்கு.

கேள்வி: மாடிப்படிகளிலேயே இழுப்பறை வைக்கலாமா?

பதில்: படிக்கட்டையே அலமாரியாகச் செய்யும் வழக்கம் ஜப்பானில் உண்டு, 'கைதன் தன்சு' என்பார்கள். இழுப்பறைகள் அதன் பக்கவாட்டில் திறக்கும். நான் புத்திசாலித்தனமாக, என் வீட்டில் படிகளின் முகப்பில் வைத்தேன். ஒருநாள் இரவு மூட மறந்த ஒன்றில் கால் மாட்டியது. மறுநாளே ஆணி அடித்து மூடினேன். நீங்களும் பக்கவாட்டிலேயே வையுங்கள். இடம் மிச்சமாகும் என்று படியைச் செங்குத்தாக்காதீர்கள்: உயரம் 7 அங்குலம், மிதி 10 அங்குலம்.

கேள்வி: சன்னலோர இருக்கைக்கு அடியில் வைத்த கம்பளிகளில் பூஞ்சணம் பிடிக்கிறதே?

பதில்: அங்கே வெளிச்சுவர் குளிர்ந்து கிடக்கிறது. அடைபட்ட ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கிறது. பின்பலகையைச் சுவரிலிருந்து ஓரங்குலம் தள்ளி அடித்து, கீழும் மேலும் காற்றுத் துளை விடுங்கள். தூக்கும் மூடியை எடுத்துவிட்டு முன்பக்க இழுப்பறையாக மாற்றுங்கள். மேலே ஆள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் கம்பளி தேவைப்படும்.

கேள்வி: தேக்கா, பிளைவுட்டா?

பதில்: சட்டத்துக்குத் தேக்கு, பெட்டிக்குப் பிளைவுட். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை பார்த்து வாங்குங்கள். 8 அடிக்கு 4 அடிப் பலகையை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் வருவதுதான் எல்லாரும் கேட்கும் அந்த இரண்டடி ஆழம். எங்களுக்கு மிச்சமே விழாது. நாலாகப் பிளந்தாலும் விழாது, ரம்பம் தின்பது போக ஓரடிக்குச் சற்றுக் குறைவாக வரும். எதற்கு எந்த ஆழம் என்று அறுக்கும் முன்பே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.