திருமணத்துக்குப் பிறகு இருவர் மட்டும் முதன்முறையாக வால்ட் டிஸ்னி வேர்ல்டு போகிறோம். எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் நியூஜெர்சியில் வசிக்கிறார். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே டிஸ்னி என்றால் ஆசை. ஆனால், "குழந்தை பிறந்த பிறகு எல்லோருமாகப் போய்க்கொள்ளலாமே, இப்போது எதற்கு வீண் செலவு?" என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போங்கள், இப்போதே போங்கள், இருவர் மட்டும் போங்கள். குழந்தையோடு போகும்போது அதன் பசியும் தூக்கமும்தான் உங்கள் நேரத்தை முடிவு செய்யும். அதுவும் இனிமைதான், அதற்கும் ஒரு காலம் வரும். இது குழந்தைகளுக்கு மட்டுமான இடம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏரிக்கரையில் திருமணங்களுக்கென்றே தனி மண்டபம் 1995 முதல் இருக்கிறது. புதுமணத் தம்பதிகள் அங்கே சாதாரணமாகக் கண்ணில் படுவார்கள்.

நானும் என் கணவரும் டிஸ்னி வேர்ல்டு இருக்கும் அதே ஃப்ளோரிடா மாநிலத்தில், தாம்பாவில் வசிக்கிறோம். காரில் எட்டிவிடும் தூரம் என்பதால் அடிக்கடி போகிறோம். அங்கே கணவன் மனைவி வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு நடப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணி வாக்கில், வெயிலில், ஒருவர் கைப்பேசியில் அடுத்த சவாரியைத் தேடிக்கொண்டிருக்க, மற்றவர் உட்கார நிழல் தேடிக்கொண்டிருப்பார். அன்பு குறைந்ததால் வந்த சண்டை இல்லை அது. காலை ஏழு மணி முதல் இரவு பத்து வரை மூச்சு விடாமல் போட்ட திட்டத்தால் வந்தது. அதனால்தான் சொல்கிறேன்: சவாரிகளின் பட்டியலை வைத்துத் திட்டத்தைத் தொடங்காதீர்கள். ஐந்து சாயங்காலங்களை எங்கே, எப்படிக் கழிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். காலை நேரத்துச் சவாரிகள் அதற்கேற்ப தாமாக அமைந்துவிடும்.

இடத்தின் அளவு தெரிந்தால் இது ஏன் என்று புரியும். 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இந்த வளாகம் ஏறத்தாழ 25,000 ஏக்கர். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதி. ஐந்து நாளில் இதை முழுவதும் பார்க்க முடியாது. ஆகவே பாதியை இப்போதே மனமாரக் கைவிட்டுவிடுங்கள்.

என் யோசனை, ஐந்து நாளில் மூன்று நாளுக்கு மட்டும் டிக்கெட் வாங்குங்கள். டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். ஒரு நாள் டிக்கெட்டே ஒருவருக்கு நூறு டாலருக்கு மேல்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டமுக்கு 200 டாலரை ஒட்டிப் போய்விடும். போய்ச் சேரும் நாளுக்கும் நடுவில் ஒரு நாளுக்கும் டிக்கெட் வேண்டாம். பலருக்குத் தெரியாத விஷயம் இது: ஹோட்டல்களின் உணவகங்கள், ஏரிக்கரை, மோனோரயில், படகுகள், ஸ்கைலைனர் என்ற கம்பி வண்டி ஆகியவற்றுக்குப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. தம்பதிகளுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பல இடங்கள் வாயிலுக்கு வெளியேதான் இருக்கின்றன.

மூன்று நாளுக்கு மூன்று பூங்காக்கள். அவற்றில் எப்காட்டை இருவருக்கான பூங்கா என்றே சொல்வேன். 1982-ல் திறந்தது. அதன் பின்பாதியில் ஒரு ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றி வரும் பாதை ஏறத்தாழ ஒன்றேகால் மைல். இந்தப் பகுதி பொதுவாகக் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, ஐந்து மணிக்கு மேல் நடக்கத் தொடங்குங்கள். மொராக்கோ அரங்கில் சற்று நின்று சுவர்களை நெருங்கிப் பாருங்கள். அரசர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களை அனுப்பிச் செய்வித்த, வண்ண ஓடு பதிக்கும் வேலை அது. விரல் நகம் அளவே உள்ள துண்டுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்துகொண்டே போகும். பெரும்பாலோர் அதைக் கடந்து ஓடிவிடுகிறார்கள்.

மெக்சிகோ அரங்கை மட்டும் தவறவிடாதீர்கள். வெளியே ஒரு பிரமிடு. உள்ளே நுழைந்தால், நண்பகலாக இருந்தாலும் அந்தி. கருநீல வானம், மங்கிய விளக்குகள் தொங்கும் சிறு சந்தை, தூரத்தில் புகையும் எரிமலை. அதன் அடியில் நீரோரமாக மேசை போட்ட சான் ஏஞ்சல் இன் என்ற உணவகம். சவாரிப் படகுகள் சத்தமில்லாமல் பக்கத்திலேயே நகர்ந்து போகும். எதிரில் இருப்பவர் முகத்தில் மேசை விளக்கின் வெளிச்சம் மட்டும் படும். நானும் அவரும் அங்கே பேசிக்கொண்டே இருந்து, வெளியே வந்தபோது இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்ததைக் கண்டு திகைத்திருக்கிறோம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். தண்ணீர் ஓரத்து மேசை கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

நடுவில் வரும் டிக்கெட் இல்லாத நாளை அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஹோட்டலில் கழியுங்கள். அங்கே சனா என்றொரு உணவகம். ஆப்பிரிக்க உணவில் இந்திய வாசனை கலந்த சமையல். நாண், குல்ச்சா போன்ற ரொட்டிகளோடு புளி, மாங்காய், கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய் என்று ஒன்பது தொடுகறிகள் தட்டில் வரும். சைவம் சாப்பிடுபவர்கள் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேயும். பகல் சாப்பாட்டுக்கு அல்லது சூரியன் மறைவதற்கு முன் போக வேண்டும், இருட்டிவிட்டால் காட்சி போய்விடும். அன்றிரவே பாலினேசியன் ஹோட்டலின் கடற்கரை போன்ற மணற்பரப்புக்கு வந்துவிடுங்கள். ஏரிக்கு அக்கரையில் மேஜிக் கிங்டமின் வாணவேடிக்கை தெரியும். விளக்குகளால் ஆன கடல் உயிரினங்கள் தண்ணீரில் ஊர்ந்து வரும் ஒரு மிதவை ஊர்வலமும் 1971 முதலே அந்த ஏரியில் நடந்துவருகிறது. எல்லாம் இலவசம். கூட்டமும் இடிக்காது.

மேஜிக் கிங்டமுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். உங்கள் மனைவியின் சிறுவயது ஆசை அங்கிருக்கும் சிண்ட்ரெல்லா கோட்டைதானே. ஆனால் தேதி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஹாலோவீன் விருந்துகளும், நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் விருந்துகளும் சில இரவுகளில் தனி டிக்கெட்டில் நடக்கும். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை ஆறு மணிக்கு வெளியேற வேண்டும். கோட்டைக்கு முன் நின்று வாணவேடிக்கை பார்க்கலாம் என்று ஆசையாகப் போய்விட்டு ஆறு மணிக்குத் திரும்புவது பெரிய ஏமாற்றம். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அந்தப் பூங்காவுக்கான நாளைக் குறியுங்கள். வாணவேடிக்கையைக் கோட்டைக்கு மிக அருகில் நின்று பார்ப்பதைவிட, கோட்டைக்கு நேர் எதிரே நீளும் மெயின் ஸ்டிரீட் என்ற கடைத்தெருவில் சற்றுத் தள்ளி நின்றால் சுவரில் விழும் ஒளிப்படங்களும் மேலே வெடிப்பதும் சேர்ந்து தெரியும். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் மோனோரயிலுக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். அரை மணி நேரம் கடைகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கால் வலிக்கவில்லை என்றால் கன்டெம்பரரி ஹோட்டலுக்குப் பத்து நிமிட நடைபாதை இருக்கிறது, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பூங்கா அனிமல் கிங்டமா ஹாலிவுட் ஸ்டூடியோஸா என்பது உங்கள் ருசி. ஸ்டார் வார்ஸ் பிரியர்கள் என்றால் இரண்டாவது. இல்லையென்றால் நான் அனிமல் கிங்டம்தான் சொல்வேன். காலையில் முதல் வேலையாக விலங்குகளைப் பார்க்கும் சஃபாரி. இருட்டும்வரை பூங்கா திறந்திருக்கும் நாளாக இருந்தால் அவதார் படத்தின் உலகமான பண்டோரா பகுதியில் இரவு ஒளிரும் செடிகளுக்கு நடுவே ஒரு நடை.

சவாரிகள் பற்றி ஒரே ஒரு பேச்சு. ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒரு நாள் உட்கார்ந்து, இருவரும் தனித்தனியாக "இதைப் பார்க்காமல் வரமாட்டேன்" என்று மும்மூன்று எழுதி, பிறகு காட்டிக்கொள்ளுங்கள். அந்த ஆறும்தான் கட்டாயம், மற்றவை கிடைத்தால் சரி. ஒருவருக்கு உயரமும் வேகமும் பயம் என்றால் வற்புறுத்தவே வேண்டாம். சேர்ந்து உட்காருவதும் முக்கியம். ஸ்பேஸ் மவுண்டனில் ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார வேண்டும். ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தனி நபர் வரிசை சீக்கிரம் நகரும், ஆனால் உங்களைப் பிரித்து வேறு வேறு வண்டியில் ஏற்றிவிடும், இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம். மேஜிக் கிங்டமின் டுமாரோலேண்ட் பகுதிக்கு மேலே மெதுவாகச் சுற்றிவரும் பீப்பிள்மூவர் என்ற வண்டி இருக்கிறதே, இரவில் அதில் ஏறுங்கள். பெரும்பாலும் வரிசை சிறியது, காற்று வரும், விளக்குகள் எல்லாம் கீழே தெரியும்.

வரிசையைத் தாண்டிப் போகும் லைட்னிங் லேன் அனுமதியைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். வளாகத்து ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் பதிவு செய்யலாம். நெரிசல் குறைந்த பருவத்தில் மேஜிக் கிங்டமுக்கு மட்டும் வாங்கினால் போதும். அந்த ஹோட்டல்களில் தங்குபவர்களை எல்லாப் பூங்காக்களிலும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள். அதைப் பயன்படுத்திக் காலையிலேயே முக்கியமான இரண்டு சவாரிகளை முடித்துவிட்டு, பன்னிரண்டரை மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். குளித்து, படுத்து எழுந்து, நான்கு மணிக்குப் பிறகு புத்துணர்ச்சியோடு மறுபடி கிளம்புங்கள். கோடையில் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இடியும் மழையும் வரும், வெளிப்புறச் சவாரிகளும் நிறுத்தப்படும்.

ஆகவே ஹோட்டல் அருகில் இருக்க வேண்டும். கையில் பணம் இருந்தால் போர்டுவாக் அல்லது பீச் கிளப். அங்கிருந்து எப்காட்டின் பின்வாயிலுக்கு நடந்தே போகலாம். அந்த ஹோட்டல்கள் இருக்கும் ஏரிக்கரையிலேயே உள்ள ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களில் பல நாட்கள் வாடகை குறைவாக இருக்கும், அரை மணி முன்னுரிமையும் உண்டு. அவர்கள் தனியாகச் சேர்க்கும் கட்டணங்களையும் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். சிக்கனமாகப் போக வேண்டும் என்றால் பாப் செஞ்சுரி. அறை சிறியது, ஆனால் 2019-ல் தொடங்கிய ஸ்கைலைனர் வாசலிலேயே நிற்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் பெட்டி முழுவதும் உங்கள் இருவருக்கே கிடைக்கும்.

எந்த மாதம்? ஜனவரிக் கடைசியும் பிப்ரவரி முதல் வாரமும் என் விருப்பம். காலையில் குளிரும், பகல் இதமாக இருக்கும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் கூட்டம் குறைவு, ஆனால் சென்னையின் கத்திரி வெயிலோடு மழையும் புயல் பருவமும் சேர்ந்தது போல இருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தையும் பள்ளிகளின் வசந்தகால விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. எலுமிச்சை சாதம், புளியோதரை எதுவானாலும் டப்பாவில் எடுத்துப் போகலாம். உணவுக் கவுன்டர்களில் குளிர்ந்த தண்ணீரை இலவசமாகத் தருவார்கள். பகலில் இப்படி மிச்சம் பிடித்து, ஒரே ஓர் இரவு நல்ல உணவகத்தில் நிதானமாகச் செலவு செய்யுங்கள். பழகிய செருப்பையோ காலணியையோ போட்டுக்கொண்டு போங்கள், புதுச் செருப்பு முதல் நாளே கடித்துவிடும். பூங்காவின் புகைப்படக்காரர்களிடம் உங்கள் கைப்பேசியைக் கொடுத்தால் இலவசமாக எடுத்துத் தருவார்கள், தயங்காமல் கேளுங்கள். இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள் அப்படித்தான் கிடைக்கும்.

உணவக முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலையில் திறக்கும். வளாகத்திலேயே தங்கினால், வந்திறங்கும் நாளிலிருந்து 60 நாள் கணக்கிட்டு, தங்கும் எல்லா நாட்களுக்கும் ஒரே தடவையில் பதிவு செய்துவிடலாம். அந்தக் காலையில் சான் ஏஞ்சல் இன்னையும் சனாவையும் பிடித்துவிடுங்கள். மீதி மூன்று சாயங்காலங்களுக்கு எதையும் பதிவு செய்ய வேண்டாம். தேதி முடிவானதும் கீழே எழுதுங்கள், எந்த இரவில் எந்தப் பூங்கா என்று சேர்ந்து பார்த்துச் சொல்கிறேன்.