தங்கைக்கு லேப்டாப்பா? பெட்டி வேண்டாம், பணத்தை அனுப்பு

தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். துபாய் வந்து மூன்று மாதம் ஆகிறது, கையில் 1,500 திர்ஹம் சேர்ந்திருக்கிறது, தங்கை ராமநாதபுரம் அரசுக் கல்லூரியில் பி.காம். கணினிப் பயன்பாடு சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு லேப்டாப்பை இங்கேயே வாங்கி, அடுத்த மாதம் நம் ஊர் கீழக்கரைக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்பலாமா, இல்லை தவணையில் இன்னும் நல்லதாக எடுக்கலாமா என்று கேட்கிறாய்.

இங்கே வாங்காதே. தவணையும் வேண்டாம். பணத்தை அனுப்பு, அவள் ஊரிலேயே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். நான் துபாய் தேராவில் 22 வருடமாக இருக்கிறேன். நீ செய்ய நினைப்பதை ஒரு காலத்தில் நானும் செய்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2009-இல் என் தங்கை பொறியியல் மூன்றாம் ஆண்டுக்குப் போனாள். பர் துபாயில் ஒரு கடையில் 2,400 திர்ஹத்துக்கு லேப்டாப் வாங்கி, ஊருக்குப் போன நண்பரிடம் கொடுத்தேன். வீட்டில் அதைப் பிரித்த அன்று உம்மா தொலைபேசியில் அழுதுவிட்டார்கள். மறு வருடம் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஆவணி மாதத்தில் ஒரு நாள் திரை இருண்டது. வாப்பா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் மதுரைக்குப் போனார்கள். இந்த மாடல் இந்தியாவில் விற்கப்படவில்லை, வளைகுடா நாடுகளில்தான் வாரண்டி செல்லும், எதற்கும் வாங்கிய பில்லைக் கொண்டு வாருங்கள் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். பில் என் அறையில், என் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளாக இருக்கிறது. அந்தத் தாளில் எழுத்து வெயிலுக்கும் சூட்டுக்கும் மங்கிப் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். லேப்டாப் மறுபடி ஒருவர் கையில் துபாய்க்கு வந்து, 450 திர்ஹம் செலவில் பழுது நீங்கி, இன்னொருவர் கையில் ஊருக்குப் போனது. மூன்றே மாதத்தில் மீண்டும் நின்றது. கடைசி வருட புராஜெக்ட் முழுவதையும் தங்கை பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்துதான் தட்டச்சு செய்தாள். இரவு ஒன்பது மணி வரை வாப்பா வாசலில் நின்று அழைத்து வந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அந்தப் பொருள் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்க் காற்று உனக்குத் தெரியும். ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அடுத்த வருடம் துரு எட்டிப் பார்க்கிறது. லேப்டாப் அதே காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. சூட்டைத் தணிக்க அதற்குள் ஒரு சின்ன மின்விசிறி ஓயாமல் காற்றை உறிஞ்சும். உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே போய் போர்டில் உள்ள செம்புக் கோடுகளையும் பற்றுவைத்த இடங்களையும் அரிக்கும். கடலோரத்தில் எந்த லேப்டாப்பும் ஒரு நாள் பழுதுக்குப் போகும். அன்று அதைத் திறந்து பார்க்கும் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை முதலில் பார். ராமநாதபுரத்திலேயே பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், மதுரைக்குப் போனால் பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றன. இந்தியாவில் விற்ற மாடலுக்கு உதிரிப்பாகமும் வாரண்டியும் அங்கே கிடைக்கும். வளைகுடா மாடலுக்கு அந்த உறுதி இல்லை. சில நிறுவனங்கள் உலக வாரண்டி தருகின்றன, ஆனால் குறைந்த விலை மாடல்களில் அதை நம்பி இறங்காதே.

இங்கே மலிவு என்ற பேச்சையும் பார்ப்போம். இங்கே வாட் வரி 5 சதவீதம், ஊரில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அந்த வாட் வரியைத் திரும்பப் பெறுவதும் சுற்றுலா வந்தவர்களுக்குத்தான், விசாவில் வேலை செய்கிற நமக்கு இல்லை. ஊரில் கல்லூரி திறக்கும் மாதங்களிலும் தீபாவளியை ஒட்டியும் கிடைக்கும் தள்ளுபடியையும் மாணவர் விலையையும் சேர்த்துப் பார்த்தால், நம் விலையில் உள்ள லேப்டாப்புக்கு வித்தியாசம் பெரிதாக இருக்காது. 1,500 திர்ஹம் ஊரில் 35,000 ரூபாய்க்குக் குறையாமல் வரும்.

கொண்டு போகிறவரையும் நினைத்துப் பார். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்கு வரியில்லாமல் கொண்டு போகலாம். அந்தச் சலுகை ஒன்றுக்குத்தான். அவர் தன்னுடையதையும் வைத்திருந்தால் உன்னுடையது இரண்டாவது. சுங்க அதிகாரி கேட்டால் உன் பொருட்டு அவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். கார்கோவில் போட்டால் அந்தச் சலுகையும் கிடையாது.

தவணை விஷயத்தில் உன்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை இருக்கலாம். உனக்கு மூன்று மாதம்தான் முடிந்திருக்கிறது. வேலையே இன்னும் உறுதிப்படாத நிலையில் பன்னிரண்டு மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போடாதே. அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்ப வேண்டியது, விசாவுக்கு வாங்கிய கடன் இருந்தால் அது, இவையே போதும். நம் தெருப் பிள்ளைகள் வந்த வருடமே பெரிய பொருள் அனுப்ப வேண்டும் என்று தவிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உன் வாப்பாவை எனக்குத் தெரியும். நீ கடனில்லாமல் இருப்பதைத்தான் அவர்கள் விரும்புவார்கள்.

வாங்குவதற்கு முன் தங்கை ஒரு காரியம் செய்யட்டும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் இரண்டு வருடங்களில் தரப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அவள் படிப்பது அரசுக் கல்லூரி. தன் பெயர் அதில் வருமா, எந்த வருடம் வரும் என்று அலுவலகத்தில் நேரில் கேட்கச் சொல். இந்த வருடமே வரும் என்றால் உன் பணம் அப்படியே இருக்கட்டும், பஸ் பாஸ், புத்தகம், அடுத்த வருடக் கட்டணம் என்று செலவு வந்துகொண்டுதான் இருக்கும். தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் வாங்கிவிடு, அவள் படிப்பு காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, நீ எழுதியதில் அவளுக்கு என்ன வேண்டும் என்பதே இல்லை. கேட்டாயா? கேள். பி.காம். கணினிப் பயன்பாடு என்றால் டேலி, எக்செல், கொஞ்சம் புரோகிராமிங். இதில் எதற்கும் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. கேமிங் லேப்டாப் என்று கடையில் காட்டினால் திரும்பியே பார்க்க வேண்டாம். தினமும் கீழக்கரையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பிள்ளை, தோளில் சுமக்க 14 அங்குலத் திரையுள்ளது வசதி.

நினைவகம், அதாவது ரேம், 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. அதைவிட முக்கியமாக, பின்னால் கூட்டிக்கொள்ள ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேட்கச் சொல். பல மலிவு மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்டதில் 8 ஜி.பி. வாங்கினால் கடைசி வரை 8 ஜி.பி.தான். சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. இருக்கட்டும், நெருக்கடி என்றால் 256-ம் போதும். அதற்குப் பதில் இ.எம்.எம்.சி. என்ற சேமிப்பு வகை எழுதியிருந்தால் வேண்டாம், ஒரே வருடத்தில் நத்தையாக நகரும். திரையின் தெளிவு 1920-க்கு 1080 என்று இருக்க வேண்டும்.

லேப்டாப்பின் மூளையான பிராசசரில்தான் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 என்று இருந்தால் இன்டெலின் ஐ3-ஐ விட மேல் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரைசன் 5 7520யு என்பதில் நான்கு கோர்கள், அதாவது வேலை செய்யும் மையங்கள், மட்டும்தான். அந்த எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பார்: 2. அது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அதற்கு ரேமும் போர்டிலேயே பற்றவைத்துத்தான் வரும். 7530யு என்றால் மூன்றாவது இலக்கம் 3, ஆறு கோர்கள், அது வேறு தரம். இன்டெலில் ஐ3-1215யு ஆறு கோர்கள் கொண்டது, இவளுடைய படிப்புக்குத் தாராளம். எனவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள எண்ணை எனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல். நான் பார்த்துச் சொல்கிறேன்.

2025 கடைசியிலிருந்து ரேம் சில்லுகளின் விலை ஏறி, லேப்டாப் விலையையும் இழுத்துக்கொண்டு போகிறது. 35,000-க்குள் நல்லது அமையாமல் நான்கைந்தாயிரம் இடித்தால், அடுத்த சம்பளம் வரை பொறுத்துக்கொள். அந்த வித்தியாசத்துக்காக மட்டமானதில் இறங்காதே.

பழையது வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். அலுவலகங்கள் கழித்துப் போட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் போன்றவை உறுதியானவைதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறைப் பிராசசராவது வேண்டும். இங்கே பர் துபாயில் மலிவாகக் கிடைப்பவற்றில் ஆறாம், ஏழாம் தலைமுறை நிறைய. அப்படியும் நல்லது ஒன்று கண்ணில் பட்டால் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல், விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை உண்டு. முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது நிறைகிற கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்கு இறங்கியிருந்தால் பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடு. தங்கை முதன்முதலாகத் தொடும் லேப்டாப் இது என்பதால், புதியது வாங்குவதே என் விருப்பம்.

வாங்கிய பிறகு, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அருகில் மேசையைப் போட வேண்டாம் என்று சொல். வேலை முடிந்ததும் திறந்து வைக்காமல் பையில் வைக்கட்டும். புதுச் செருப்பு, மருந்து டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து அதே பையில் போட்டுவைக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை ராமநாதபுரத்தில் கொடுத்து மின்விசிறியைச் சுத்தம் செய்யட்டும். மின்சாரம் போவதைப் பற்றிக் கவலையில்லை, பேட்டரி தாங்கும். திரும்ப வரும்போது ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் சார்ஜரைத் தின்னும், நல்ல ஸ்பைக் பஸ்டர் ஒன்று வாங்கச் சொல். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். உன் வீட்டு மூன்று முனை சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்க்கச் சொல்.

பணம் அனுப்பும் முன் அவளோடு ஒரு மணி நேரம் பேசு. வாப்பாவோடு கடைக்குப் போய், அவளே கீபோர்டில் தட்டிப் பார்த்து, திரையைப் பார்த்து எடுக்கட்டும். பில்லை அவள் பெயரிலேயே போடச் சொல். கடையை விட்டு வெளியே வருவதற்குள் பில்லையும், லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் படம் எடுத்து உனக்கு அனுப்பட்டும். எனக்கும் ஒன்று அனுப்பு, நானும் வைத்திருக்கிறேன்.