ஏற்காட்டில் ஓர் ஓவியத் தம்பதியர் வீடு: காப்பது பற்றிய கேள்வி பதில்

கலைஞர்கள் வாழ்ந்து பணிசெய்த வீடுகளைப் பேணுவது பற்றிச் சேலம், ஏற்காடு அன்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அருங்காட்சியகப் பொருள்களைப் பழுதுபார்த்துப் பேணும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல் கேள்வி மற்றவற்றுக்கெல்லாம் அடிப்படை என்பதால், அதற்கு மட்டும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி (ஏற்காடு): அம்மா, வணக்கம். என் பெரியப்பா எண்ணெய் வண்ண ஓவியர். பெரியம்மா சேலத்துப் பட்டு நெசவாளர்களுக்குச் சேலை டிசைன் வரைந்து கொடுத்தவர். இருவரும் காலமாகிவிட்டார்கள். அறுபது ஆண்டுப் பழைய ஓட்டு வீடும், பின்கட்டில் அவர்கள் வேலை செய்த கூடமும் பூட்டிக் கிடக்கின்றன. பொங்கலுக்குள் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு வெள்ளையடிக்கலாம் என்கிறார்கள் வீட்டார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வெள்ளையடிப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிரஷைத் துடைத்துத் துடைத்து நிறம் ஏறிய சுவர், வண்ணக் கைரேகை பதிந்த ஸ்விட்ச் பலகை, சேலை டிசைன் வரைய எடுத்து, ஓரத்தில் நிறங்களைத் தடவிப் பார்த்த கட்டத்தாள் (சதுரக் கட்டம் போட்ட தாள்) ஆகியவை அந்த இருவரும் எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சான்றுகள். அவற்றின் மேல் ஒரு பூச்சு விழுந்தால் பிறகு யாராலும் மீட்க முடியாது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஓவியத் தம்பதியர் ஜாக்சன் போலாக், லீ கிராஸ்னர் வாழ்ந்த வீடு இருக்கிறது. போலாக் அங்குள்ள கொட்டகையைக் கூடமாக்கி, தரையில் துணியை விரித்து வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்தவர். 1953இல் கொட்டகையைச் செப்பனிட்டபோது அந்தத் தரை அட்டைப் பலகைகளால் மூடப்பட்டது. 1984இல் கிராஸ்னரும் இறந்த பிறகு பலகைகளைப் பெயர்த்தபோது, அடியில் பழைய தரை வண்ணச் சொட்டுகளோடு அப்படியே கிடந்தது. போலாக் இருந்தவரை வீட்டின் மாடியில் ஒரு சிறிய அறையில் வரைந்த கிராஸ்னர், 1956இல் அவர் இறந்த பின் அந்தக் கொட்டகையில் வரையத் தொடங்கினார். அதனால் தரையில் கணவரின் வண்ணமும் சுவரில் மனைவியின் வண்ணமும் இருக்கின்றன. யாராவது சுவரை மட்டும் வெள்ளையடித்திருந்தால், அது போலாக்கின் கூடம் என்று மட்டுமே உலகம் நினைத்திருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தம்பதியரில் சட்டம் போட்டு மாட்டக்கூடிய படைப்பைச் செய்தவரின் பொருள்கள்தாம் முதலில் காப்பாற்றப்படுகின்றன. உங்கள் பெரியம்மா கட்டத்தாளில் வரைந்த சேலைக் கரையும் முந்தியும் ஜக்கார்டு அட்டையாகி (தறிக்கு டிசைனைச் சொல்லும் துளையிட்ட அட்டை), தறியேறி, யாரோ உடுத்திக் கிழிந்து போயிருக்கும். அவர் பெயர் எங்கும் இருக்காது. ஆகவே அவருடைய கட்டத்தாள்கள், நூல் மாதிரிகள், நெசவாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, கூலிக் கணக்கு நோட்டு ஆகியவற்றுக்கு ஓவியங்களுக்குத் தரும் அதே இடத்தைத் தாருங்கள். அவரிடம் டிசைன் வாங்கிய நெசவாளர்கள் சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை பகுதிகளில் இன்னும் இருந்தால், அவர்கள் பேசுவதை இந்த மாதமே பதிவு செய்யுங்கள். வீடு ஓராண்டு பொறுத்தாலும் பொறுக்கும், முதியவர்களின் நினைவு பொறுக்காது.

கூடத்தில் எதையும் நகர்த்தும் முன் நான்கு சுவர், தரை, கூரை, ஒவ்வொரு அலமாரித் தட்டு என்று வரிசையாகப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து, அது எந்த இடத்தில் எந்தப் பொருளின் பக்கத்தில் இருந்தது என்று ஒரு கெட்டி நோட்டில் எழுதுங்கள். எண்ணைத் தாளில் பென்சிலால் குறிக்கலாம், மற்றவற்றுக்கு நூலில் கட்டிய சீட்டு போதும். ஒட்டும் ஸ்டிக்கர் கூடாது.

கேள்வி (ஏற்காடு): மழைக்காலத்திலும் மூடுபனியிலும் ஓவியத் துணியின் பின்புறம் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது, அம்மா. வெயிலில் காயவைத்துத் துடைக்கலாமா?

பதில்: நேர் வெயிலும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த ஓவியத்தை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் உலரவிடுங்கள். நன்றாக உலர்ந்த பின், முகக்கவசம் அணிந்து, மிருதுவான பிரஷால் பின்புறத்தை மட்டும் திறந்த வெளியில் தட்டிவிடலாம். வண்ணம் இருக்கும் முன்புறத்தில் கைவைக்க வேண்டாம், அதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், பூட்டிய வீடுதான் பூஞ்சணத்துக்கு மிகவும் பிடித்த இடம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது முளைத்துவிடும். ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டுங்கள். வெளியே காற்று உலர்ந்திருக்கும் நேரத்தில் சன்னல்களைத் திறந்து, பனி இறங்கும் முன் சாத்த வேண்டும். குளிர்ந்த வெளிச்சுவரில் படங்களை மாட்டாதீர்கள். உட்சுவரிலும் சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்பதால், கஞ்சி போகத் துவைத்த கோராத் துணியால் மூடுங்கள்.

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி): எங்கள் பழைய வீட்டுச் சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறியிருக்கிறது. பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசலாம் என்கிறார் மேஸ்திரி.

பதில்: சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு கெடுதல். சுண்ணாம்பு தன் வழியாக ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதைத் தடுப்பதால், ஓதம் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, செங்கல்லையே உதிர்க்கும். சுவருக்கு வெளியே மண் மேடேறியிருக்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நோயின் வேர் அங்கேதான் இருக்கும். மலைமேல் இருப்பவர்கள் சில்வர் ஓக் மரச் சருகு அடைத்த தகர மழைநீர்க் காலையும் இடம் நகர்ந்த கூரை ஓடுகளையும் ஆண்டுக்கு இருமுறை சரிபார்த்தாலே பாதித் தொல்லை தீரும். மேஸ்திரியிடம், நீற்றிப் பல வாரம் ஊறவைத்த சுண்ணாம்பில், கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த பூச்சு தெரியுமா என்று கேளுங்கள். அது தெரிந்த கொத்தனார்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி (சேலம்): ஓவியக் கூடத்தின் சன்னல்கள் வடக்குப் பார்த்தவை. ஆகவே வெயிலால் நிறம் மங்காது என்று நம்பலாமா?

பதில்: முழுதாக நம்ப வேண்டாம். ஐரோப்பாவில் அந்த விதி பெரும்பாலும் சரி. நம் சேலத்திலோ ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயிலே வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் காலை, மாலைக் கதிர் சன்னலுக்குள் நேராக நுழையும். பருத்தித் திரை போடுங்கள். நீர்வண்ணமும் சாயம் தோய்த்த துணியும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் தாங்கா. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை போகலாம்.

கேள்வி: தாள்களும் துணிகளும் இருக்கும் அலமாரியில் அந்துருண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். வேப்பிலையோ வசம்போ துணிமுடிச்சாகக் கட்டி, தாளில் படாமல் வையுங்கள். கடிதங்களை லேமினேஷன் செய்வதும் கூடாது.

கேள்வி (ஏற்காடு): வாரிசுகள் நால்வர். ஒருவர் தங்கும் விடுதிக்கு விற்கலாம் என்கிறார். அரசு எடுத்துக்கொள்ளுமா, அம்மா?

பதில்: தொல்லியல் சட்டத்தின் பாதுகாப்புக்குப் பொதுவாக நூறாண்டுப் பழமை வேண்டும் என்பதால், அறுபதாண்டு வீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் வந்தது. அதன்படி மனு கொடுத்து வைக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பெங்களூருக்கு அருகே தாதகுணி தோட்டத்தில் ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கும் நடிகை தேவிகா ராணியும் வாழ்ந்தார்கள். 1993இல் ரோரிக்கும் 1994இல் தேவிகா ராணியும் மறைந்தனர், பிள்ளைகள் இல்லை. கர்நாடக அரசு 1996இல் தனிச்சட்டம் கொண்டுவந்து தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். அத்தனை புகழ்பெற்ற இருவரின் சொத்துக்கே இத்தனை ஆண்டு பிடித்தது.

நால்வரும் ஒத்துப்போனால், வாரிசுச் சான்றும் பட்டாவும் கையில் இருக்கும்போதே பொது அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வீடு, படைப்புகள், தாள்கள் மூன்றும் ஒரே அறக்கட்டளையில் சேர வேண்டும். வீடு ஒருவருக்கு, படங்கள் ஒருவருக்கு என்று பிரிந்தால் பிறகு சேராது. பதிப்புரிமையையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள். படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வரை அது வாரிசுகளுக்கு உண்டு, படத்தை விற்றுவிட்டாலும் தானாகப் போய்விடாது. விற்கலாம் என்பவரையும் குறை சொல்லாதீர்கள். அவருக்குப் பணம் தேவையாக இருக்கலாம். அவர் பங்குக்கு ஈடாக மற்றவர்கள் தவணையில் தரும் ஏற்பாட்டையும் பேசிப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): பெரிய பெயர் எடுக்காதவர்களுக்கு இவ்வளவு தேவையா?

பதில்: தேவை என்றே நான் நம்புகிறேன். 1930களில் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய திரைப்பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் எவ்வளவு பெரிய பெயர்! ஏற்காட்டுச் சாலையில் இன்று அதன் முகப்பு வளைவு மட்டுமே நிற்கிறது. உள்ளே தச்சர்களும் திரைச்சீலை ஓவியர்களும் வேலை செய்த இடங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லை. புகழ் வந்த பிறகு காக்கலாம் என்று இருந்தால், அப்போது காக்கப் பொருள் இருக்காது.

கேள்வி (ஏற்காடு): பார்வையாளர்களை அனுமதிக்கலாமா?

பதில்: பதிவு வேலை முடிந்த பின், முன்கூட்டிச் சொல்லி வரும் சிறு குழுக்களை மட்டும் அனுமதியுங்கள். ஸ்பிரிங்ஸில் உள்ள போலாக் தம்பதியர் வீட்டில் காலணியைக் கழற்றி மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கூடத்துக்குள் போக வேண்டும். உங்கள் கூடத்துக்கு வெறுங்கால் போதும். ஈரக்குடையும் பையும் திண்ணையோடு நிற்கட்டும். மூடுபனி நாள்களில் கூடத்தைத் திறக்காதீர்கள். கல்லூரி ஓவிய மாணவர்களையும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளையும் முதலில் அழையுங்கள். கட்டத்தாளைப் பார்த்ததும் அது எந்தத் தறிக்கு வரைந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.