தைராய்டு: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோத்தகிரி வாசகி: எச்சில் விழுங்கும்போது கழுத்தில் ஏதோ ஏறி இறங்குகிறது. அதுதான் தைராய்டா?

கண்ணுக்குத் தெரிவது குரல்வளை. தைராய்டு அதற்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை முன்புறமாக அணைத்தபடி இருக்கிறது. இருபுறமும் இரண்டு மடல்கள், நடுவில் ஒரு சிறு பாலம்; மொத்தம் 15 முதல் 25 கிராம்தான். விழுங்கும்போது அதுவும் கூடவே நகரும், ஆனால் இயல்பான அளவில் இருந்தால் வெளியே தெரியாது. வீக்கமாகத் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

குந்தா வாசகர்: எங்கள் தோட்டத்து முட்டைகோஸ்தான் தினமும் சமையல். தைராய்டு வருமா?

கோஸ் பாவம், அதைக் குறை சொல்லாதீர்கள். அயோடின் சேர்வதைத் தடுக்கும் பொருட்கள் அதில் உண்டு. ஆனால் வேகவைத்தால் பெருமளவு குறைந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது உப்பை. மலை மண்ணிலிருக்கும் அயோடினை மழை காலங்காலமாக அரித்துக்கொண்டு போகிறது. அங்கே விளைவதிலும் அது குறைவாகவே இருக்கும். தைராய்டுக்கோ அயோடின்தான் மூலப்பொருள். ரத்தத்திலிருந்து அதை இழுத்து டி4, டி3 ஹார்மோன்களைச் செய்து, நுண்ணறைகளில் பல வாரங்களுக்குத் தேவையானதைச் சேர்த்தும் வைக்கிறது. அயோடின் போதாமல் ஹார்மோன் குறைந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனை அதிகம் சுரந்து விரட்டும். அந்த விரட்டலில் சுரப்பி பெருத்துப்போவதுதான் முன்கழுத்துக் கழலை. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250. கல் உப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டில் பாருங்கள். மலை ஈரத்தில் திறந்து வைக்காதீர்கள், அயோடின் குறைந்துபோகும்.

கூடலூர் வாசகர்: பாராதைராய்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. அவை தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் நான்கு குட்டிச் சுரப்பிகள். கால்சியத்தைக் கவனிப்பது அவற்றின் வேலை.

ஊட்டி வாசகி: தைராய்டு குறைவுக்குப் போடும் மாத்திரையின் அளவைக் கூட்டிப் பத்து நாளாகிறது. குளிர் இன்னும் தாங்கவில்லை. இன்னும் கூட்டலாமா?

நீங்களாகக் கூட்டாதீர்கள். மாத்திரையில் இருப்பது டி4தான்; அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். அதனால் புது அளவு நிலைபெற்று, ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் சரியாகக் காட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஊட்டிக் குளிர் எல்லோருக்கும்தான். வீட்டில் மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் உங்களுக்கு மட்டும் நடுங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒன்று: மாத்திரையை டீயோடு விழுங்குகிறீர்களா? அப்படியானால் மருந்து சரியாக ஏறாது. வெறும் வயிற்றில், தண்ணீரில் போடுங்கள். டீ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. அந்தக் குளிரில் அது கொடுமைதான், தெரியும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.