தோட்டப்புற ஊரில் சிறப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தலைமைப் பயிற்சி நடத்துவது எப்படி?

கேள்வி சுருக்கமாக: மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளைக் கொண்ட பன்னிரண்டு குடும்பங்கள். பாதிப் பேருக்குச் செம்பனைத் தோட்ட வேலை, மீதிப் பேருக்குத் தொழிற்சாலை. பள்ளியிலும் சமூகநல இலாகாவிலும் பெற்றோர் தாங்களே போய்ப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். கோலாலம்பூருக்குப் போய்வர வசதி இல்லை. உள்ளூரிலேயே பயிற்சி நடத்த முடியுமா?

முடியும். ஒரு மண்டபம், ஒரு வெள்ளைப் பலகை, எட்டு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் பேச்சாளரை வரவழைத்து விளக்கம் கேட்கும் கூட்டமாக இதைத் தொடங்கினால் மூன்றாவது வாரம் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். வாய் திறந்து கேட்கப் பழகுவதற்குத்தான் இந்தப் பயிற்சி. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரமாவது பெற்றோர் பேச வேண்டும், எழுத வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும்.

இந்த வகைப் பயிற்சிக்குப் பல நாடுகளில் முன்மாதிரியாக இருப்பது 'பார்ட்னர்ஸ் இன் பாலிசிமேக்கிங்'. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான ஆளுநர் மன்றம் 1987-இல் தொடங்கியது. எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு நாள். இளம் பிள்ளைகளின் பெற்றோரும் குறைபாடுள்ள பெரியவர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். அமர்வுகளுக்கு நடுவே வீட்டுப்பாடம் உண்டு. மக்கள் பிரதிநிதியைச் சந்தித்துப் பேசுவது வரை பழக்குவார்கள். எட்டு அமர்வு, வீட்டுப்பாடம், குறைபாடுள்ள பெரியவர்களும் கூடவே உட்காருவது ஆகிய மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தங்கல் நம் ஊருக்கு ஒத்துவராது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, காலை 9.30 முதல் 12.30 வரை வைத்தால் பதினாறு வாரத்தில் முடியும். தைப்பூசம், ஊர்க் கோயில் திருவிழா, தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் எல்லாவற்றையும் முதலிலேயே நாள்காட்டியில் அடித்துவிடுங்கள்.

வருகையை முடிவு செய்வது பாடத்திட்டம் இல்லை, அந்த மூன்று மணி நேரம் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான். இரண்டு பிள்ளைக்கு ஒருவர் என்று கணக்கு வையுங்கள். திடீரென ஓடிவிடும் பிள்ளைக்குத் தனியாக ஒருவர். அந்தக் காலத்தில் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த பாட்டிமார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள். பிள்ளைகள் இருக்கும் அறை மண்டபத்துக்கு அடுத்ததாக இருக்கட்டும், கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கட்டும், ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். சத்தம் தாங்காத ஒரு பிள்ளை அலறினால் அன்றைய அமர்வு அதோடு முடிந்துவிடும்.

ஆள் சேர்க்க நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை. பிள்ளையை வெளியே கூட்டி வராத வீடுகள்தான் முக்கியம். அங்கே இரண்டு பெற்றோர் நேரில் போக வேண்டும். முதல் தடவை குறைபாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அப்பாக்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். அம்மாக்கள் மட்டும் வந்தால் கற்றது வீட்டுக்குள் போய் நின்றுவிடுகிறது.

முதல் அமர்வில் சட்டம் பேசாதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். மேலே புகைப்படம். பிறகு அவனுக்குப் பிடித்தவை, அவனால் தானே செய்ய முடிந்தவை, எங்கே உதவி வேண்டும், எது நடந்தால் கலங்கிப்போவான். தமிழில் எழுதி, மலாயிலும் ஒரு பிரதி. புதிய ஆசிரியர், டாக்டர், அதிகாரி யாராக இருந்தாலும் முதலில் நீட்டவேண்டியது இந்தப் பக்கம். கூடவே ஒரு பைல்: பிறப்புப் பத்திரம், மாற்றுத்திறனாளிக்கான ஓ.கே.யு. அட்டை, மருத்துவ அறிக்கை, பள்ளியின் தனிநபர் கல்வித் திட்டமான ஆர்.பி.ஐ., இதுவரை கொடுத்த, வந்த கடிதங்கள். எல்லாம் பிரதிகள், மூலப் பத்திரம் வீட்டில் இருக்கட்டும்.

சட்டத்துக்கு இரண்டு அமர்வு போதும். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அந்த ஆண்டு ஜூலை 7-இல் நடைமுறைக்கு வந்தது. 28-ஆவது பிரிவு கல்வியைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தை மலேசியா 2010-இல் ஏற்றது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: சட்டம் 685-இல் மீறினால் தண்டனை என்ற விதி கிடையாது. நல்லெண்ணத்தில் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாதபடி 41-ஆவது பிரிவு காக்கிறது. இது தெரியாமல் 'கோர்ட்டுக்குப் போவோம்' என்று மிரட்டும் பெற்றோர் அடுத்த நாளே பலவீனமாகிவிடுகிறார். அன்றாடத்துக்குக் கை கொடுப்பது 2013-ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைகள். பிள்ளை பள்ளிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் தகுதிகாண் காலம் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது என்பது அதில் இருக்கிறது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்று 2019-இல் வந்த 'சீரோ ரிஜெக்ட்' கொள்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி உண்மையான வேலை, பேச்சு ஒத்திகை. இதற்கு மூன்று அமர்வு ஒதுக்கினாலும் தகும். நம் பெற்றோருக்கு மலாய் தெரியாமல் இல்லை. சந்தையில் பேசும் மலாய் வேறு, அதிகாரி முன்னால் உட்கார்ந்து பேசும் மலாய் வேறு. அங்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் யோசிப்பது தமிழில், கேட்பது மலாயில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்ன வேண்டும் என்பதை முதலில் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்ல வைக்கவும். ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் கேட்க வந்தது இன்னும் தெளிவாகவில்லை. பிறகு அதை மலாயில் மூன்று நிமிடப் பேச்சாக்குங்கள்: பிள்ளை யார், என்ன நடக்கிறது, என்ன கேட்கிறோம், எந்தத் தேதிக்குள்.

ஒருவர் அதிகாரியாக நடிக்கட்டும். அவர் நான்கு பதில்களை மாற்றி மாற்றிச் சொல்லவேண்டும்: இடமில்லை, சம்பந்தப்பட்ட பெகாவாய் (அதிகாரி) இன்று இல்லை, நாங்களே போன் செய்கிறோம், வேறு பள்ளியைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மறுமொழி மனப்பாடமாக வேண்டும். இடமில்லை என்றால், 'போலே பெரி ஜவாபான் பெர்துலிஸ்?' என்று எழுத்துமூலப் பதில் கேட்பது. ஆள் இல்லை என்றால், அவர் பெயரையும் வரும் நாளையும் கேட்டு எழுதிக்கொள்வது. போன் செய்கிறோம் என்றால், எந்தத் தேதிக்குள், அதற்குள் வராவிட்டால் யாரை அழைப்பது. வேறு பள்ளி என்றால், அங்கே இடம் உறுதியா, போக்குவரத்துக்கு என்ன வழி. குரல் உயரக்கூடாது, எழுந்து வரவும் கூடாது. ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று தடவை இந்த நாற்காலியில் உட்காரட்டும். முதல் தடவை அழுகை வரும், அது இயல்பு. தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி உட்காரவைக்கவும்.

கடிதத்துக்கு ஒரு முழு அமர்வு. சுங்கை சிப்புட், கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டக் கல்வி இலாகாவும் நல இலாகாவும் அந்தப் பக்கம், நிபுணத்துவ மருத்துவம் ஈப்போ பக்கம். ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் வெறுங்கையோடு போகக்கூடாது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். தலைப்பில் விஷயம், உதாரணமாக 'பெர்மொஹோனான் மெஷுவாரத் ஆர்.பி.ஐ.', அதாவது ஆர்.பி.ஐ. கூட்டத்துக்கான விண்ணப்பம். மூன்று பத்தி: பிள்ளை விவரம், நடந்தது தேதியோடு, வேண்டுகோள். ஒரு கடிதத்தில் ஒரே வேண்டுகோள். ஐந்தை எழுதினால் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் வரும். கீழே அடையாள அட்டை எண், கைப்பேசி எண், யாருக்கெல்லாம் பிரதி என்ற வரி. இரண்டு பிரதி எடுத்துப்போய் உங்கள் பிரதியில் 'சோப் தெரிமா' என்ற பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதினான்கு நாள் பொறுத்து, அந்த முத்திரைத் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான். ஒவ்வொரு போன் பேச்சையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, பெயர், சொன்னது என்று மூன்று பத்தியாக எழுதி வைக்கவும். புலனத்தில் கிடக்கும் குரல்பதிவுகளை ஆறு மாதம் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது.

சம்பந்தப்பட்ட பிள்ளையே பேசும் இடத்தைப் பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், அன்பினால்தான். இருபத்தைந்து வயது மகனிடம் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்வார். ஒரு விதி வையுங்கள்: கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவருக்குப் பத்து வினாடி கொடுக்கவேண்டும், மனதுக்குள் எண்ணிக்கொண்டே. பேச்சு வராதவருக்குப் படஅட்டை, வேண்டும் வேண்டாம் என்ற இரண்டு அட்டை. தேநீரா மைலோவா என்பதிலிருந்து தொடங்கலாம். கற்றல் குறைபாடு உள்ளவர்களே நடத்தும் 'யுனைடெட் வாய்ஸ்' என்ற அமைப்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இது ஆகாத காரியம் என்பவர்களுக்கு அதைக் காட்டுங்கள். இன்னொன்று: 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார். உங்கள் மகன், மகள் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒரு வாக்காளராக அவரையே அழைத்துப்போங்கள்.

அதிகாரிகளைச் சந்திக்கப் பன்னிரண்டு பேராகப் போகாதீர்கள். மூன்று பேர்: பேசுபவர், எழுதுபவர், பேசுபவர் தடுமாறினால் கை கொடுப்பவர். அரசியல்வாதியோ நன்கொடையாளரோ வரும் நாளில் பிள்ளைகளின் படம் எடுக்கலாமா என்பதை முதல் வாரமே முடிவு செய்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெழுத்து வாங்குங்கள். மனக்குறையைக் கொட்டவும் இடம் வேண்டும், தொடக்கத்தில் பதினைந்து நிமிடம். அதைத் தாண்டினால் கூட்டம் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

குழு உடைவதற்கு முதல் காரணம், எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்வது. நன்றாக மலாய் பேசும் ஒரு அக்காவின் தலையில் எல்லாம் விழும். அவர் வேலை தேடி ஜொகூர் போனதும் குழு காணாமல் போகும். எந்தப் பொறுப்பானாலும் இருவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் மாறவேண்டும்.

பதிவு பற்றி: 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தாலே சங்கம்தான், பதிவு வேண்டும். முதல் ஆண்டில் அந்த அலைச்சல் வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே பதிவு பெற்ற கோயில் நிர்வாகத்தின் கீழோ இளைஞர் மன்றத்தின் கீழோ ஒரு பிரிவாக இயங்குங்கள், நிர்வாகக் கூட்டக் குறிப்பில் அதைத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொண்டு.

எட்டாவது அமர்வுக்குள் குழு முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு பொதுக் கோரிக்கையை முடிக்க முயலட்டும். பிடிகே எனப்படும் சமூகப் புனர்வாழ்வு மையத்தின் செயற்குழுவில் ஒரு பெற்றோருக்கு இடம் கேட்கலாம்; 1984-இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் முன்னோடியாகத் தொடங்கிய அந்தத் திட்டமே உள்ளூர் மக்களை நம்பித்தான் நடக்கிறது. அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் சிறப்புக் கல்வி வகுப்பு பற்றி ஒரு தீர்மானம். அழைப்புக் கடிதத்தில் இருக்கும் கடைசித் தேதிக்கு முன் எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். எட்டாவது அமர்வன்றே, அடுத்த தொகுதிப் பெற்றோருக்கு முதல் இரண்டு அமர்வை நடத்தப்போகும் இருவரைத் தேர்ந்தெடுத்து, கடித மாதிரிகள் அடங்கிய பைலையும் மண்டபச் சாவியையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.