ஆல்பத்தில் இல்லாத வருடங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் அலமாரியை ஒழித்தபோது பழைய ஆல்பங்களும் ஒரு தகர டப்பா நிறைய நெகட்டிவ்களும் கிடைத்தன. ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். வேலை நகரவில்லை. ஒவ்வொரு படத்திலும் நின்றுவிடுகிறேன்.

ஒரு படத்தில் அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கடற்கரையில் நிற்கிறார். எனக்கு இரண்டு வயது இருக்கும். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று இத்தனை காலம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். மஞ்சள் கவுன் போட்டிருந்தேன் என்றுகூடச் சொல்வேன். இப்போது யோசித்தால், என் மனதில் வரும் காட்சி அச்சு அசல் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான். அப்படியானால் அது என் நினைவே இல்லையா?

இன்னொன்று. பத்து வயது வரை என் படங்கள் ஏராளம். பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை ஏறக்குறைய எதுவுமே இல்லை. இருக்கிற ஒரே குடும்பப் படத்தில் என் முகத்தை நானே ஊசியால் சுரண்டிவைத்திருக்கிறேன். அப்போது பதினான்கு வயது. எடுப்பான பல், முகமெல்லாம் பரு. ஊசியைக் கையில் எடுத்தபோது இருந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. என் தோளில் கைபோட்டு நிற்கும் அண்ணன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அம்மா அந்தப் படத்தை ஆல்பத்தில் அப்படியே விட்டுவைத்திருக்கிறாள். ஸ்கேன் செய்து தருபவர், “மற்ற படங்களை வைத்து ஏஐ-யில் முகத்தைப் போட்டுவிடலாம், சுரண்டியதே தெரியாது” என்கிறார். அண்ணன் கிழித்துப் போடச் சொல்கிறான். நான் என்ன செய்ய?

ஒரு வாசகி
(பெயர் தவிர்க்கப்பட்டது)

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கடற்கரைப் படம். நீங்கள் சந்தேகப்பட்டது சரி என்றே நினைக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு எட்டுகிற முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதுக்கு அருகில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் குழந்தை எதையும் கவனிக்கவில்லை என்பதல்ல. கவனித்தது பெரியவரானபின் திரும்ப எடுக்கும்படி நிலைப்பதில்லை. அதைவிட, நீங்களே ஒரு தடயம் கொடுத்திருக்கிறீர்கள். அப்பாவின் தோளில் இருந்த குழந்தைக்கு அப்பாவின் முகமே தெரிந்திருக்காது. அவர் உச்சித்தலை முடி தெரிந்திருக்கும். விழுந்துவிடாமல் இருக்க இறுகப் பிடித்த காதுகள் கைக்குள் இருந்திருக்கும். உங்களுக்கு நினைவுவரும் காட்சி அங்கிருந்து பார்த்தது அல்ல. எதிரே கேமராவோடு நின்ற ஒருவர் பார்த்தது.

இதை மட்டும் வைத்து ஒரு நினைவைப் பொய் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிஜமாக நடந்த பழைய சம்பவங்களைக்கூட நாம் வெளியிலிருந்து நம்மையே பார்ப்பதுபோல நினைத்துப்பார்ப்பது உண்டு. 1983-ல் நைக்ரோ, நைசர் என்ற இரு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் இரண்டு வயது, அச்சு அசலாகப் படத்தின் கோணம், இரண்டும் சேர்ந்து வரும்போது அந்த நினைவு படத்திலிருந்து வளர்ந்தது என்றே கொள்ளலாம்.

படங்களுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது. கிம்பர்லி வேட் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கலந்துகொண்டவர்கள் 20 பேர். அவர்களுடைய குடும்பத்தாரிடமிருந்தே சிறுவயதுப் படங்களை வாங்கி, சூடான காற்றால் பறக்கும் பெரிய பலூனில் அவர்கள் போவதுபோல ஒரு படத்தை ஒட்டிச் செய்து, உண்மையான படங்களோடு கலந்து காட்டினார்கள். அப்படி ஒரு பயணம் நடக்கவே இல்லை. மூன்று உரையாடல்கள் முடிவதற்குள் பாதிப் பேருக்கு அது முழுதாகவோ அரைகுறையாகவோ ‘நினைவுக்கு’ வந்துவிட்டது. என்னை இன்னும் யோசிக்கவைத்தது 2004-ல் வந்த இன்னொரு ஆய்வு. அதில் போலிப் படமே கிடையாது. நடக்காத ஒரு பள்ளிக்கூடக் குறும்பைச் சொல்லி, கூடவே அந்த வகுப்பின் நிஜமான குழுப்படத்தைக் கையில் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தவர்களில் அதிகம் பேர் அந்தக் குறும்பை நடந்ததாக நினைவுகூர்ந்தார்கள். முகங்களைப் பார்த்ததும் மனம் மீதியை நிரப்பிக்கொள்கிறது. உங்கள் மஞ்சள் கவுனும் அப்படி வந்ததாக இருக்கலாம். அல்லது அந்தக் கவுன் பிறகும் சில வருடங்கள் வீட்டில் கிடந்திருக்கலாம், அம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும், கேளுங்கள்.

இதில் நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை. அப்பா உங்களைத் தோளில் தூக்கிவைத்திருந்தார், அது நடந்தது, படம் அதற்குச் சாட்சி. அதை நினைவில் வைத்திருந்தவர்கள் மற்றவர்கள். சொல்லிச் சொல்லி உங்களிடம் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்து, அந்தக் காணாமல்போன வருடங்கள். அதுதான் உங்கள் கடிதத்தில் கனமான பகுதி. பதின்பருவத்துப் பிள்ளை கேமராவைக் கண்டால் அறைக்குள் போய்விடும். வற்புறுத்தி நிறுத்தினால் ஓரமாக, தலையைக் குனிந்து நிற்கும். வீட்டுக்காரர்களும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். ஆகவே பல ஆல்பங்களில் அந்த இடம் மெலிந்தே இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வந்து குவியும். நினைவாற்றல் ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். அதாவது, படங்கள் ஏராளமாக இருக்கும் வயதைப் பற்றி நமக்கு நினைவு குறைவு. நினைவு திரண்டிருக்கும் வயதுக்குப் படங்கள் குறைவு. உங்கள் குழந்தைப்பருவம் மற்றவர்கள் பார்த்துவைத்தது. பதின்பருவத்தை உள்ளேயிருந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். ஊசியைக் கையில் எடுத்தபோது இருந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நினைவுக்குப் படம் தேவைப்படவில்லை.

அதனால் நான் இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்வேன். குழந்தைப்பருவப் படங்களை மற்றவர்களிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். யார் எடுத்தது, அன்றைக்கு ஏன் கேமராவைக் கையில் எடுத்தார்கள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் யார். பதின்பருவத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்து எழுதிவிட வேண்டும், படம் இல்லாத இடங்களுக்குத்தான் முதலில்.

சரி, சுரண்டிய படம். ஏஐ முகம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஊசி போன இடத்தில் படத்தின் மேல்படலமே பெயர்ந்து கீழே வெள்ளைத்தாள் தெரிகிறது. அங்கே தகவல் என்று எதுவும் மிச்சம் இல்லை. கணினி அங்கே வைக்கப்போவது உங்கள் பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் நடுவில் ஊகித்த ஒரு முகம். பரு இருக்காது, பல்லும் அழகாக இருக்கும். நாலைந்து வருடம் அதைப் பார்த்தால் உங்களுக்கே அது நினைவாகிவிடும். அப்புறம் கோபத்துக்கும் முகத்துக்கும் பொருத்தமே இருக்காது. பதினான்கு வயதில் உங்கள் முகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது உங்கள் முகம்.

உண்மையான முகம் கிடைக்க இன்னொரு வழி இருக்கிறது. அதை அந்த ஸ்கேன்காரர் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. தகர டப்பாவைத் திறந்து பாருங்கள். உங்கள் ஊசி தொட்டது அச்சிட்ட தாளை மட்டும்தான். அந்தப் படத்தின் நெகட்டிவ் டப்பாவில் இருந்தால், அதில் உங்கள் முகம் ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். ஓரங்களைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் தெரியும். அண்ணன் கைபோட்டு நிற்கும் நிலையை வைத்து எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் என்றால் ஓரத்தில் வரிசை எண்கள் இருக்கும். எது முன்னால் எடுத்தது, எது அடுத்தது என்று அதில் தெரிந்துவிடும். ஒரு சுருளில் 36 படம் எடுத்தாலும் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இதே நாளில் எடுத்து அச்சிடாமல் விட்டதில் நீங்கள் வேறு மாதிரி நிற்கிற படம் இருக்கலாம். இல்லை என்று நினைத்த வருடங்களில் கொஞ்சம் அந்த டப்பாவிலேயே இருக்கலாம். நெகட்டிவையே ஸ்கேன் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

ஒருவேளை ஆல்பம் பசைத்தாள் வைத்து மேலே பிளாஸ்டிக் உறை போட்ட வகை என்றால், ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். பல் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே மெல்ல ஓட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் பின்னால் அச்சாகியிருக்கும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம், அது பிரிண்ட் போட்ட தேதியாக இருக்கலாம். ஒரே சுருள் பல மாதம் கேமராவிலேயே கிடந்திருக்கும்.

நெகட்டிவ் கிடைத்தாலும் சுரண்டிய படத்தைக் கிழிக்காதீர்கள். அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். அத்தனை ஆல்பங்களிலும் மற்றவர்கள் உங்களைப் பார்த்ததுதான் இருக்கிறது. நீங்களாக வைத்த அடையாளம் அந்த ஊசிக்கீறல் ஒன்றுதான். அதுவும் எவ்வளவு கவனமாக: அண்ணன் கை உங்கள் தோளில்தான் இருக்கிறது, ஊசி அவன் பக்கம் போகவே இல்லை. பதினான்கு வயதில் யார்மேல் கோபம், யார்மேல் இல்லை என்று அந்தத் தாளில் அப்படியே பதிந்திருக்கிறது. நீங்கள் எழுதப்போவதை அங்கிருந்தே தொடங்கலாம்.

இவ்வளவையும் விட அவசரமான ஒன்று உண்டு. சுரண்டிய படத்தை எடுத்து ஒளித்துவைக்காமல், தூக்கிப் போடாமல், அதே பக்கத்தில் அம்மா ஏன் விட்டுவைத்தார்? அவர் இருக்கும்போதே ஆல்பத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். போனில் பதிவுசெய்துகொள்ளுங்கள். மஞ்சள் கவுனையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அன்புடன்