பிடிஎஃப் பாடக் குறிப்பைத் திரைவாசிப்பான் ஏன் படிப்பதில்லை?

கும்பகோணத்தில் புவியியல் நடத்தும் நீங்கள், உங்கள் குறிப்புகள் பார்வையற்ற மாணவரின் கணினியில், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளில், ஒலிக்கவில்லை என்கிறீர்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் புகைப்படம். அதில் வாசிக்க எழுத்தே கிடையாது.

தட்டச்சு செய்ததுதான் என்றால் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று ஒப்பிக்கும். பாவம், மாணவர் என்ன செய்வார்? தமிழ் எழுத்தைக் கணினிக்குள்ளும் தமிழாகவே வைக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. வேர்டில் ‘ஹெடிங்’ பாணி கொடுத்தால்தான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும்.

அதிக உழைப்பு கேட்பது வரைபடம். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விவரிப்பான மாற்று உரையில் ‘படம் 3’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். ‘முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன’ என்று எழுதுங்கள். பாடமே அதுதானே!

அனுப்பும் முன் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் கேளுங்கள். குரல் சற்று இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். இதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை.